மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள்: கொட்டில் முதல் வயல் வரை



கறவை மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் அனுபவத்தில் அறிந்த செய்தி ஒன்று உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் மறுநாள் தயிர் சரியாகத் தோயாது. உறைமோர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பக்கத்து வீட்டில் மோர் வாங்கி ஊற்றினாலும் அதே கதைதான். குறை மோரில் இல்லை, பாலில் இருக்கிறது. பாலைத் தயிராக்குவது லாக்டிக் அமில பாக்டீரியா என்னும் நுண்ணுயிர். மாட்டுக்குச் செலுத்திய பென்சிலின் போன்ற மருந்து மடியில் நோய் செய்யும் கிருமியைக் கொல்வதோடு நில்லாமல், பாலில் கலந்து வந்து இந்த நல்ல நுண்ணுயிரையும் வளரவொட்டாமல் செய்துவிடுகிறது. பாலைக் காய்ச்சுவதால் மருந்து முழுவதும் அழிந்து போவதில்லை.

அந்தப் பாலைக் குடிப்பவர் வயிற்றிலும், மாட்டின் குடலிலும், அது போடும் சாணத்திலும் இதே வேலை நடக்கிறது. மருந்துக்கு மடியக்கூடிய நுண்ணுயிர்கள் மடிகின்றன. மடியாதவை தங்கிப் பெருகுகின்றன. இதுவரை சொன்னது உங்களுக்குப் புதிதன்று. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடுகிறது என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் பாக்டீரியா பூச்சியைப் போன்றதன்று. மருந்தை வெல்லும் திறனை அது தன் சந்ததிக்கு மட்டும் விட்டுச் செல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது, அதனால் உங்கள் கொட்டிலுக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் வரக்கூடிய கேடு என்ன, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதை இங்கே காண்போம்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

கூத்தாநல்லூர்ப் பக்கம் ஓர் உழவர் வீடு என்று வைத்துக் கொள்வோம். கொல்லையில் இரண்டு கறவை மாடுகள், ஒரு கிடாரி. இரவில் பஞ்சாரத்தில் அடைக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள். கொட்டிலுக்குப் பின்னால் எருக்குழி. மழை பெய்தால் எருக்குழித் தண்ணீர் வழிந்து போய் விழும் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் பத்து மா சம்பா வயல். அறுவடை முடிந்ததும் வாத்து மேய்ப்பவர்கள் வந்து மந்தையை அந்த வயலில் இறக்குவார்கள். கோடையில் ஆட்டுக் கிடை போடுவதும் உண்டு. வீட்டில் ஒரு கைக்குழந்தை, ஒரு பாட்டி, வயல் வேலை பார்ப்பவர்கள் இருவர்.

நமக்கு இவை தனித்தனி இடங்கள். பாக்டீரியாவுக்கு வரப்பு இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐந்நூறு முதல் ஆயிரம் பாக்டீரியாவை வரிசையாக நிறுத்தி வைக்கலாம், அவ்வளவு சிறியது. ஒரு கிராம் சாணத்தில் பல கோடி இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நோய் செய்யாதவை. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்கு உணவும் வெப்பமும் ஒத்து வந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பாட்டியின் சிறுநீர்த் தாரையில் எரிச்சல் நோய் செய்வதும் பெரும்பாலும் இதே இனம்தான் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நெல் செய்யாததைப் பாக்டீரியா செய்கிறது

வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல்லை உங்களில் பலர் பயிரிட்டிருப்பீர்கள். பழைய சி.ஆர். 1009 நெல்லுக்கு வெள்ளம் தாங்கும் குணம் கிடையாது. ஒடிசா மாநிலத்து நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்த எப்.ஆர். 13 ஏ என்னும் நெல்லில் அந்தக் குணத்துக்கு உரிய மரபணு இருந்தது. அதை எடுத்து நம் நெல்லில் சேர்க்க விஞ்ஞானிகள் மகரந்தச் சேர்க்கை செய்து, வந்த செடியை மறுபடியும் தாய் ரகத்தோடு சேர்த்து, பல தலைமுறை தேர்வு செய்து, பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. நெல்லின் குணம் விதை வழியாகத்தான் போகும். இரண்டு ரகம் பக்கத்துப் பக்கத்து வயலில் நின்றாலும், முளைத்து நிற்கும் பயிர் தன் குணத்தை அடுத்த பயிருக்கு வேர் வழியே கொடுத்துவிட முடியாது.

அப்படிக் கொடுக்க முடிந்தால் எப்படி இருக்கும்? இன்று காலை நடவு வயலில் நிற்கும் சி.ஆர். 1009 நாற்று ஒன்று, பக்கத்தில் நிற்கும் வெள்ளம் தாங்கும் நாற்றைத் தொட்டு அந்தக் குணத்தை வாங்கிக் கொண்டு, மாலைக்குள் அதை வயல் முழுவதும் பரப்பி, நாளைக்கு வரப்பு மேல் நிற்கும் கோரைக்கும் கொடுத்துவிட்டால்? பாக்டீரியா உலகில் நடப்பது அதுதான்.

உயிரினம் எதுவானாலும் அதன் குணங்களை எழுதி வைத்த ஏடு டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை. பாக்டீரியாவில் இந்தப் பெரிய இழையைத் தவிர, சிறு வளையங்களாகவும் டி.என்.ஏ. இருப்பதுண்டு. இவ்வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். பெரிய இழை நிலத்தின் மூலப் பத்திரம் என்றால், பிளாஸ்மிட் மடியில் செருகி வைத்திருக்கும் சாவிக் கொத்து. மருந்தை வெட்டிப் போடும் நொதியை உண்டாக்கும் மரபணு, மருந்தை உடலை விட்டு வெளியே இறைக்கும் பம்பை உண்டாக்கும் மரபணு, இப்படிப்பட்டவை பெரும்பாலும் இந்தக் கொத்தில்தான் தொங்கும்.

கைமாற்றம் மூன்று வகை. முதல் வகையில் இரண்டு பாக்டீரியா நெருங்கி, ஒன்று நுண்ணிய குழல் போன்ற உறுப்பை நீட்டி மற்றதைப் பிடித்துக் கொள்கிறது. பிறகு பிளாஸ்மிட்டின் படி ஒன்று அதனுள் செல்கிறது. கொடுத்தவனிடமும் சாவிக் கொத்து இருக்கும், வாங்கியவனிடமும் இருக்கும். நாம் ஒரு கலம் விதை கொடுத்தால் நம் பத்தாயத்தில் ஒரு கலம் குறைகிறது, இங்கே குறைவதில்லை. சில நிமிடங்களில் முடியும் வேலை இது. பாக்டீரியா இரண்டும் இவ்வாறு சேர்ந்து மரபுப் பொருளைப் பரிமாறுகின்றன என்பதை 1946-இல் அமெரிக்காவில் லெடர்பெர்க், டாட்டம் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது வகை, செத்த பாக்டீரியாவின் சொத்தை உயிரோடு இருப்பது எடுத்துக் கொள்வது. 1928-இல் லண்டனில் கிரிப்பித் என்ற மருத்துவர், கொடிய நிமோனியாக் கிருமியை வேகவைத்துக் கொன்று, அதனைத் தீங்கற்ற உயிருள்ள கிருமியோடு கலந்து எலிக்குச் செலுத்தினார். எலி செத்தது. தீங்கற்ற கிருமி, செத்ததன் குணத்தை வாங்கிக் கொடியதாக மாறியிருந்தது. மாறியது டி.என்.ஏ.யால்தான் என்பது 1944-இல் உறுதியாயிற்று. மூன்றாவது வகையில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று, ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டைத் தவறுதலாகத் தன் உறைக்குள் கட்டிக் கொண்டு போய் அடுத்த பாக்டீரியாவில் இறக்கிவிடுகிறது. கோணிப்பை மாறிப் போன கதைதான். இம்மூன்றில் மருந்து எதிர்ப்பைப் பொறுத்த மட்டில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது முதலாவது வகை.

எல்லாக் கிருமிகளும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது பிளாஸ்மிட்டைக் கடன் வாங்கி அன்று; தன் சொந்த டி.என்.ஏ.யில் நேரும் எழுத்துப் பிழையால். அந்தக் கதை வேறு.

மண்ணில் நடப்பதும் இதுவே

கைமாற்றம் எப்போதும் கேடு என்றும் சொல்வதற்கில்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு முன் ஈரத்தில் உளுந்து, பயறு தெளிக்கிறோம். விதையோடு ரைசோபியம் கலக்கிறோம். வேர் முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துத் தருவது இந்தப் பாக்டீரியா. நியூசிலாந்தில் தீவனப் பயறுச் செடி ஒன்றுக்கு ஒரே வகை ரைசோபியத்தைக் கலந்து விதைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து முடிச்சுகளைத் திறந்து பார்த்தபோது, போட்ட வகை மட்டுமின்றி வேறு பல வகைகளும் உள்ளே இருந்தன. அவை அந்த மண்ணிலேயே இருந்த பாக்டீரியாக்கள். அதுவரை முடிச்சு உண்டாக்கத் தெரியாத அவை, போட்ட ரைசோபியத்திடமிருந்து அதற்குரிய மரபணுத் தொகுதியையே வாங்கிக் கொண்டிருந்தன. 1995-இல் வெளியான ஆய்வு இது. உங்கள் வயல் மண்ணில் காலடிக்குக் கீழே இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் இடையறாது நடக்கிறது.

இன்னொன்று: ஆன்டிபயாடிக் மருந்துகளில் பலவும் மண்ணிலிருந்து வந்தவையே. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-இல் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிர் தான் சாகாமல் இருக்க மாற்று மரபணுவையும் வைத்திருக்கும். ஆகவே எதிர்ப்பு மரபணு மனிதன் உண்டாக்கியதன்று, மண்ணில் பழமையானது. நாம் செய்தது, எங்கோ அரிதாகக் கிடந்த அந்தச் சாவிக்கு ஊரெங்கும் தேவையை உண்டாக்கியதுதான்.

சீதபேதி, டைபாய்டு, கோழித் தீவனம்

இந்த உண்மை முதலில் வெளிப்பட்டது ஜப்பானில். 1950-களில் அங்கே சீதபேதிக் கிருமிகளில் சில, ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்காமல் நின்றன. சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிக்கால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கும் பயனற்றுப் போயின. தனித்தனியே நான்கு முறை பிழை நேர்ந்து, நான்கும் ஒரே கிருமியில் சேர்வது நடக்காத காரியம். நோயாளியின் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலையிடமிருந்து நான்கு சாவியும் ஒரே கொத்தாகச் சீதபேதிக் கிருமிக்குப் போயிருக்கிறது என்பதை ஒச்சியாய், அகிபா ஆகிய ஆய்வாளர்கள் 1959-இல் காட்டினார்கள்.

நமக்கு அருகில் கோழிக்கோட்டில் 1972-இல் டைபாய்டு காய்ச்சல் பரவியது. அந்நாளில் டைபாய்டு என்றால் மருத்துவர் கை முதலில் போவது குளோரம்பெனிக்காலுக்குத்தான். அந்த மருந்து கேட்கவில்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை ஆராய்ந்த பணிக்கர், விமலா என்ற இருவரும், அந்த எதிர்ப்புத் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக் கூடியது என்று கண்டு அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டில் உலகின் மறு கோடியிலுள்ள மெக்சிகோவிலும் குளோரம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது.

உழவருக்கு இவற்றையெல்லாம் விட நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு பண்ணையில் டாக்டர் ஸ்டூவர்ட் லெவி என்பவர் செய்தது, 1976-இல் வெளியாயிற்று. கோழிக் குஞ்சுகளில் ஒரு பகுதிக்குச் சாதாரணத் தீவனமும், ஒரு பகுதிக்குச் சிறிதளவு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனமும் போட்டார்கள். அந்நாளில் எடை கூடுவதற்காக அப்படிக் கலப்பது அங்கே வழக்கம். மருந்துத் தீவனம் போட்ட ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறக்குறைய முழுவதும் மருந்துக்கு அடங்காதவையாக ஆகிவிட்டன. இது எதிர்பார்த்ததே. பண்ணை வீட்டார் யாரும் மருந்து உண்ணவில்லை. கோழியை வளர்த்தார்கள், அவ்வளவுதான். ஐந்தாறு மாதத்தில் அவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31.3 விழுக்காட்டில், உள்ள பாக்டீரியாவில் 80 விழுக்காட்டுக்கு மேல் மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. கோழி வளர்க்காத அண்டை வீட்டாரிடம் இது 6.8 விழுக்காடு மட்டுமே. தீவனத்தில் கலந்தது ஒரு மருந்து. ஆனால் நாளாக ஆக, கலக்காத வேறு மருந்துகளுக்கும் பாக்டீரியா அடங்க மறுத்தது. சாவிக் கொத்தில் ஒரு சாவிக்கு வேலை கொடுத்தால் மற்ற சாவிகளும் கூடவே வருகின்றன.

நல்ல செய்தி ஒன்றும் அதில் உண்டு. மருந்துத் தீவனத்தைப் பண்ணையிலிருந்து அறவே நீக்கி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சோதித்த 10 பேரில் 8 பேரிடம் அடங்காத பாக்டீரியா காணப்படவில்லை. சாவிக் கொத்தைச் சுமப்பதும் பாக்டீரியாவுக்கு ஒரு பாரம். தேவை இல்லாதபோது சுமக்காதவை முந்திக் கொள்கின்றன. எப்போதும், எல்லா இடத்திலும் இப்படித் திரும்பிவிடும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. ஆனால் நம் கையில் ஒன்றுமில்லை என்பதும் தவறு.

சென்னையும் தில்லியும்

கிட்டத்துச் செய்திக்கு வருவோம். கார்பபெனம் என்பது, மற்ற மருந்துகள் தோற்ற பிறகு பெரிய மருத்துவமனைகளில் கொடுக்கும் மருந்து வகை. அதையும் வெட்டிப் போடும் நொதி ஒன்று, 2008-இல் சுவீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன் புதுதில்லியில் சிகிச்சை பெற்றவர். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், சென்னையில் 44, அரியானாவில் 26, இங்கிலாந்தில் 37 கிருமி மாதிரிகளில் இந்த மரபணு இருந்தது தெரிந்தது. பெரும்பாலானவற்றில் அது பிளாஸ்மிட்டில் இருந்தது. அந்த நொதிக்குத் தில்லியின் பெயரை வைத்ததில் சச்சரவு எழுந்தது; பெயரில் என்ன இருக்கிறது, நமக்கு வேண்டியது அடுத்து வந்த செய்தி. 2011-இல் தில்லித் தெருக்களில் தேங்கிய நீர் மாதிரி 171-இல் 51-லும், குழாய்க் குடிநீர் மாதிரி 50-இல் 2-லும் இந்த மரபணு இருந்தது. காலராக் கிருமியும் அதை வாங்கி வைத்திருந்தது. ஆய்வகத்தில் 25, 30, 37 டிகிரி வெப்பத்தில் கைமாற்றத்தை அளந்தபோது, 30 டிகிரியில் அது அதிகமாக நடந்தது. நம் டெல்டா வாய்க்கால் நீரின் வெப்பம் எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோலிஸ்டின் என்ற பழைய மருந்தின் கதை கொட்டிலிலிருந்தே தொடங்குகிறது. சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மனிதருக்குக் கொடுப்பதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கார்பபெனமும் தோற்ற நோயாளிக்குக் கடைசிக் கைத்தடியாக அதை மறுபடி எடுத்தார்கள். அதற்குள் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூட்டும் தீவன மருந்தாக அது போய்க் கொண்டிருந்தது. அதற்கு எதிரான குணம் கைமாறாது என்று நம்பியிருந்த வேளையில், 2015-இல் சீனாவில் பன்றிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலையில், பிளாஸ்மிட்டில் அமர்ந்த எதிர்ப்பு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. பல நாடுகளிலும் தேடத் தேட அது கிடைத்தது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் எவற்றுக்கும் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. பழைய இருப்பு எங்கேனும் உங்களிடம் வந்தால் வாங்காதீர்கள்.

சம்பா வயலில் ஸ்ட்ரெப்டோமைசின்

வடகிழக்குப் பருவமழையில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்த பின் சம்பா இலையின் நுனியும் ஓரமும் அலை அலையாக மஞ்சளித்து வைக்கோல் நிறமாகக் காய்ந்தால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கலாம். நோய் கண்ட இலையை வெட்டி, வெட்டுவாயைக் கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் தோய்த்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இழையாக இறங்கினால் பாக்டீரியாதான்.

இந்நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த தூளை எக்டருக்கு 300 கிராம், காப்பர் ஆக்சிகுளோரைடு 1.25 கிலோவுடன் கலந்து தெளிக்கும்படி வேளாண் கையேடுகள் நெடுங்காலம் பரிந்துரை செய்து வந்தன. எழுதியவர்கள் வரிசையில் விரிவாக்கப் பணியில் இருந்த நாங்களும் உண்டு. இன்றைய அறிவு அதை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குப் பயன்பட்டு வரும் மருந்து. கிருமியோ இலையின் உட்குழாய்களில் வாழ்கிறது. மேலே தெளிப்பது முழுவதும் அதைப் போய்ச் சேருவதில்லை. தெளித்ததில் பெரும்பகுதி வயல் நீரிலும் மண்ணிலும் விழுந்து, அங்குள்ள எண்ணற்ற பாக்டீரியாவைச் சலித்து எடுக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்களில் இதே மருந்தைத் தெளித்து வந்தார்கள். அங்கே ஆப்பிள் கருகல் கிருமி பெற்ற எதிர்ப்பு மரபணு இணையும், மனிதரிடமும் கால்நடையிடமும் உள்ள பாக்டீரியாவில் காணப்பட்ட இணையும் ஒன்றேதான் என்பது 1990-களில் தெரிந்தது. சீனாவில் நெல் இலைக்கருகல் கிருமியிலேயே ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத வகை தோன்றியுள்ளது.

2021 டிசம்பரில் மைய வேளாண் அமைச்சகம் இந்த இரு மருந்துகளையும் வேளாண்மையில் பயன்படுத்துவதைத் தடை செய்யும் வரைவு ஆணையை வெளியிட்டது. ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இலைக்கருகலைப் பொறுத்த மட்டில் மருந்தைவிட வயல் பராமரிப்புதான் கைகொடுக்கிறது. நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள். கிள்ளிய காயம் கிருமிக்குத் திறந்த கதவு. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். நோய் தென்பட்டால் மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள். சாம்பல் சத்தைக் குறைக்காதீர்கள். நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாமல் தனியே வடியுங்கள். கீழ்மடைக்காரரோடு இதில் மனத்தாங்கல் வருவது உண்டு. அவர் வயலும் காயாமல், நோயும் போகாமல் பார்ப்பதற்கு மடைக்காரர்கள் கூடிப் பேசித்தான் ஆக வேண்டும்.

லிட்டருக்கு 20 கிராம் வீதம் புதிய பசுஞ்சாணத்தைக் கரைத்து, தெளிய வைத்து, வடிகட்டிய நீரை நோய் தோன்றியவுடன் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிப்பது நல்ல பலன் தரும் எளிய முறை. ஊசி போட்டுச் சிகிச்சை நடக்கும் மாட்டின் சாணத்தை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். அதில் மருந்தும் இருக்கும், மருந்துக்கு அடங்காதவையும் இருக்கும்.

கொட்டிலில் செய்ய வேண்டியவை

மருந்தே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மடி கல்லாக இறுகி, காய்ச்சலில் மாடு தீனி எடுக்காமல் நிற்கும்போது ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். கேடு எங்கே வருகிறது என்றால், மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவதிலும், ஊசி போடத் தெரிந்தவர் என்பதால் எவரையோ அழைத்துப் போடுவதிலும், மாடு எழுந்து நின்றதும் மீதி ஊசியை மறந்து விடுவதிலும். கால்நடை மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாட்கள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மீந்த மருந்தை அடுத்த மாட்டுக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டால், வீட்டில் கிடக்கும் டெட்ராசைக்ளின் குளிகையை உடைத்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததுதான் மிச்சம். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. மாட்டின் கோமாரியும் வைரஸ்தான். ஊருக்குத் தடுப்பூசி முகாம் வரும்போது மாட்டை அவிழ்த்துக் கொண்டு போவதில் சோம்பல் கூடாது. வராத நோய்க்கு மருந்து தேவைப்படுவதில்லை; பண்ணையில் மருந்துச் செலவைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மடிநோயின் தொடக்கத்தில் கைகொடுக்கும் மூலிகை முறை ஒன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பி வருகிறது. சோற்றுக்கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செந்நிறக் கூழாக வரும். பாலை முற்றிலும் கறந்து, மடியைக் கழுவி, கூழில் ஒரு கையளவு எடுத்து நீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்கு 10 முறை, 5 நாட்கள் தொடர வேண்டும். பத்து முறை என்பது வேலைதான். இரண்டு முறை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. காய்ச்சல் மிகுந்தாலோ பாலில் இரத்தம் கண்டாலோ மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. கறப்பதற்கு முன்னும் பின்னும் கையையும் காம்பையும் கழுவுவது, நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறப்பது, தரையை உலர வைப்பது ஆகியவற்றைச் செய்யும் கொட்டிலில் மடிநோயே அரிது.

எருவைப் பச்சையாக வயலுக்கும் கீரைப் பாத்திக்கும் கொண்டு போகாதீர்கள். குழியில் ஈரமும் காற்றும் கிடைக்கும்படி கிளறிவிட்டால் எரு உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். கையை உள்ளே நுழைத்தால் பொறுக்க முடியாத சூடு இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் அடங்காத பாக்டீரியா பெருமளவு குறையும். முழுவதும் ஒழியும் என்று சொல்ல முடியாது. குழியைச் சுற்றி ஓர் அடி உயரம் மண் அணைத்து, மழைநீர் வழிந்து வாய்க்காலுக்குப் போகாமல் செய்யுங்கள். நாம் முன்பு பார்த்த அந்த வீட்டில், மாட்டுக் குடலிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வாத்துக்கும், குளிக்கப் போன பிள்ளைக்கும் சாவிக் கொத்து போகும் பாதை இந்த ஓர் அடி மண்ணில்தான் பெரிதும் அடைபடுகிறது. பாட்டிக்குச் சிறுநீர் எரிச்சல் வந்து, இரண்டு மருந்து மாற்றியும் கேட்காமல், திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ பெரிய மருத்துவமனையில் படுக்கை தேடும் நாளில் இந்த மண்ணை யாரும் நினைப்பதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகெங்கும் நேரடியாக இறந்தவர்கள் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பால். மருந்து போட்ட மாட்டின் பாலை விலக்க வேண்டிய நாட்கள் மருந்துப் புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். தனியே குறிப்பிடாத மருந்துக்கு, பால், முட்டை 7 நாட்களுக்குக் குறையாமலும், இறைச்சி 28 நாட்களுக்குக் குறையாமலும் விலக்கப்பட வேண்டும் என்று 2012-இல் மைய அரசின் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. சங்கத்தில் பால் ஊற்றுபவருக்கு ஒரு வாரப் பணம் போவது சிறு விஷயம் அன்று. அதை உணர்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் ஒருவர் ஊற்றும் பால் சங்கத்தின் கேன் முழுவதிலும் கலக்கிறது. விலக்கிய பாலைக் கன்றுக்குக் கொடுப்பதும் கூடாது. கன்றின் குடலில் அதே வேலை தொடங்கிவிடும். வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு குழியில் ஊற்றி மண்ணை மூடிவிடுங்கள்.

நாள் மறந்து போகாமலிருக்க, கொட்டில் சுவரில் கரிக்கட்டியால் மாட்டின் பெயரையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் எழுதி வையுங்கள். புட்டியில் நாள் குறிப்பிடாத மருந்தின் கடைசி ஊசி 3-ஆம் தேதி என்றால் 10-ஆம் தேதி முடிய விலக்கு. 11-ஆம் தேதிக் காலைப் பாலை முதலில் வீட்டில் உறை ஊற்றிப் பாருங்கள். தயிர் தோய்ந்தால் மருந்து துளியும் இல்லை என்று பொருளாகாது. தோயவில்லையென்றால் மட்டும் இன்னும் இருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. அப்படியானால் கேனைத் தூக்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.